சாம்பிராணி ஏற்றி வந்த லோரி

என் மகன் பிறந்தபோது எனக்கு வயது நாற்பத்தெட்டு. பிறகு நீங்களாகக் கணக்குப் போட்டுச் சிரிப்பதைவிட நானே முதலில் சொல்லிவிடுவது மரியாதை. மனைவிக்கு நாற்பத்திரண்டு. மகள் பள்ளியில் ஐந்தாம் படிவம், பதினேழு வயது. தலைசுற்றல் என்று கிளினிக்குக்குப் போன மனைவி ஸ்கேன் படத்தோடு திரும்பி வந்தாள். படத்தை வாங்கிப் பார்த்த மகள், "பா, சீரியஸ்லி?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்றாம் நாள் வெளியே வந்து, தம்பிக்கு வைக்க ஏழு பெயர்கள் எழுதிய தாளை நீட்டினாள். பிறக்கப்போவது தம்பி என்று அவளே முடிவு செய்திருந்தாள்.

எனக்கு வேலை பெஸ்தாரி ஜெயாவிலிருந்து கோலசிலாங்கூர் போகும் சாலையில் இருக்கும், எண்ணெய் பிழியும் ஒரு செம்பனை ஆலையில். எடைமேடைதான் என் ராஜ்ஜியம். பழக்குலை ஏற்றிய லோரி மேடைமேல் ஏறும், எடை பார்ப்பேன். உள்ளே போய்க் கொட்டிவிட்டு வெறும் லோரியாகத் திரும்பும், மறுபடி பார்ப்பேன். முதலாவதில் இரண்டாவதைக் கழித்தால் குலையின் எடை. குழந்தைப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் லோரி ஓட்டுகிறவர்கள் குழந்தைப் பிள்ளைகள் இல்லை. வழியில் எங்காவது நிறுத்திக் குலைமேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக்கொண்டு வருவார்கள். அடியில் மணலைக் கொட்டி மேலே உதிரிப் பழத்தைப் பரப்பியிருப்பார்கள். இருபது வருடமாக இதைப் பிடித்துப் பிடித்து எனக்கு ஒரு மிதப்பு உண்டு. லோரி வாசலில் திரும்பும்போதே சொல்லிவிடுவேன்: "தண்ணி சொட்டுது, ஓரம் கட்டு. வடிஞ்ச பிறகு ஏறு." என்னை ஏமாற்ற இனிமேல்தான் ஒருவன் பிறந்து வரவேண்டும் என்று ஆலை கேன்டீனில் பீற்றிக்கொள்வேன்.

பிறந்து வந்தான். ஆனால் ஏமாற்றியது அவன் இல்லை.

பிறந்த மூன்றாம் நாள் வீட்டில் பையன் லேசாக மஞ்சள் அடித்தான். கிளினிக்கிலிருந்து வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸ், எங்களுக்கு மிசி, அவன் மூக்கு நுனியை விரலால் அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் மாம்பழத் தோல்போல் தெரிந்தது. அம்மா ஓ குரூப், அப்பா பி குரூப், பையனும் பி. கவனமாகப் பார்க்கவேண்டும், ஐந்தாம் நாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். போகிற போக்கில் மலாயில் ஒரு பட்டியலும் வாசித்தார். துணியில் அந்துருண்டை போடாதே, நாட்டு மருந்து கொடுக்காதே, புகை காட்டாதே. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன். காது அந்த வேலையில் சேராது.

மிசி போனதும் என் பயம் வேலையில் இறங்கியது. மற்றவர்கள் பயந்தால் சாமி கும்பிடுவார்கள், இல்லை டாக்டரைக் கேட்பார்கள். நான் பெயிண்ட் கடைக்குப் போனேன். சுவருக்கு நிறம் பார்க்கக் கொடுப்பார்களே, மடக்கு மடக்காக ஓர் அட்டை, அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, பையனின் கன்னத்தோரம் அட்டையை வைத்துப் பார்த்து எந்த மஞ்சள் என்று நாள்காட்டியில் குறித்துவைத்தேன்.

"பா, தம்பிக்கு ரெண்டு கோட்டிங் அடிக்கப் போறியா?" என்று மகள் கேட்டாள்.

"இது அறிவியல், உனக்குப் புரியாது."

"மேட்டா, கிளாஸியா, அதையும் எழுதிக்க."

மனைவி கட்டிலிலிருந்து, "அந்த அட்டையை அப்படியே அவர் மூஞ்சிலயும் வச்சிப் பாருடி. வெளுத்துப் போய் இருக்காரு. வெள்ளை எத்தனாம் நம்பர்னு கேளு" என்றாள். பிள்ளை பெற்று ஐந்து நாள் ஆகவில்லை. நாக்கு மட்டும் முழு பலத்தோடு இருந்தது.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. காலையில் சபாக்கிலிருந்து என் அக்கா போன் செய்தார். அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போன காலத்தில் என்னை இடுப்பில் வைத்து வளர்த்தவர். அந்த உரிமை இன்றுவரை இறங்கவில்லை.

"இன்னிக்குத்தானே ஆஸ்பித்தல்? பச்சப்புள்ளைய முதல் முதலா வெளியில தூக்கிட்டுப் போற. தலைக்கு ஊத்தி, நல்லா சாம்பிராணி காட்டித் தூக்கிட்டுப் போடா."

"அக்கா, மிசி புகை வேணாம்னு சொல்லிச்சு."

"உன்ன வளத்தது மிசியா, நானா?"

"சரிக்கா" என்று போனை வைத்தேன். மனைவி வெந்நீர்க் குளியலுக்குப் பின்கட்டுக்குப் போயிருந்தாள். மகளுக்குப் பள்ளி விடுமுறை, குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். பையனை நானே குளிப்பாட்டினேன். மகளின் பிறந்தநாளுக்கு சத்தே இறைச்சி சுட்டதுபோக மீந்த அடுப்புக்கரி அரைப் பை கிடந்தது. அதில் நாலு துண்டைப் பற்றவைத்துத் தூபக்காலில் போட்டு, மேலே ஒரு கை சாம்பிராணித் தூளை அள்ளிப் போட்டேன். ஒரு சிட்டிகை போதும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் பயந்தவன் கை சிட்டிகை எடுக்காது. காற்றுப் பட்டால் சளி பிடிக்கும் என்று சன்னலைச் சாத்தினேன். காற்றாடியை நிறுத்தினேன். பையனை மடியில் போட்டுக்கொண்டு விசிறியைத் தேடினேன், கிடைக்கவில்லை. பெயிண்ட் அட்டையால் விசிறினேன். அரைமணி நேரம். புகைக்குள் அவன் எனக்குத் தெரியவில்லை, நான் அவனுக்குத் தெரியவில்லை. அவன் இரண்டு தடவை தும்மினான். "தீர்க்காயுசு" என்று வாழ்த்தினேன்.

பின்கட்டுக் கதவுச் சத்தம் கேட்டதும் சன்னல்களைத் திறந்து, தூபக்காலைக் கொண்டுபோய்ச் சாமி மேடையில் வைத்தேன்.

"என்னங்க இவ்ளோ புகை?"

"வெள்ளிக்கிழமைல்ல. சாமிக்குக் காட்டினேன்."

மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நானாகச் சாமிக்கு ஓர் ஊதுபத்தி ஏற்றியதில்லை. ஆனால் ஐம்பதை நெருங்கிய மனிதன் பிள்ளை பெற்றால் பக்தி வருவது இயற்கைதானே என்று விட்டுவிட்டாள் போலும்.

ஆஸ்பத்திரிக்குக் காரை நான் ஓட்டிய வேகத்தில், புல்வெட்டும் இயந்திரத்தை ஏற்றிய ஒரு மோட்டார் சைக்கிள் எங்களை முந்திப் போனது. பின்சீட்டில் தம்பியை முகர்ந்த மகள், "மா, தம்பி தலை கோயில் மாதிரி மணக்குது" என்றாள்.

"சாமி குடுத்த புள்ள லா, அப்படித்தான் மணக்கும்" என்றேன் நான்.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த டாக்டர், ராசா ஊர்ப் பக்கத்துத் தமிழ்ப் பெண், மகளுக்கு அக்கா மாதிரி இருந்தார். என்னைப் பார்த்ததும், "தாத்தா, நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க. அப்பா அம்மா மட்டும் உள்ள இருக்கட்டும்" என்றார்.

"நான்தான் அப்பா."

"ஐயோ, சோரி அங்கிள்."

இந்த சோரிக்கு அந்தத் தாத்தாவே தேவலாம்.

பையனின் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். மஞ்சள் கூடியிருந்தது, நீல விளக்கின் கீழ் வைக்கவேண்டிய அளவு. சிவப்பணுக்களின் அளவு சரியாக இருந்தது. "அப்ப ஓகேதானே?" என்றேன். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார்.

"வயித்துக்குள்ள இருக்கிறப்ப பேபி தானா மூச்சு விடாது. ஆக்சிஜன் கம்மியாத்தான் கிடைக்கும். அதனால சிவப்பணு நிறைய வச்சிக்கும். வெளிய வந்து மூச்சு விட ஆரம்பிச்சதும் அவ்ளோ தேவையில்ல. கூடுதலா இருக்கிறது உடையும். உடைஞ்சா மஞ்சள் வரும். அது எல்லா பேபிக்கும் கொஞ்சம் வர்றதுதான். ஆனா இங்க அம்மா ஓ, பேபி பி. அம்மாவோட ரத்தத்துலேர்ந்து வந்த எதிர்ப்பு பேபியோட சிவப்பணுவ வேகமா உடைச்சிக்கிட்டு இருக்கலாம். இப்ப அளவு சரியா இருக்கு. நாளைக்கும் இருக்குமான்னு தெரியணும்."

"அது எப்படித் தெரியும்?"

"மூச்சுல தெரியும். ஒவ்வொரு தடவ சிவப்பணு உடையறப்பவும் கொஞ்சமே கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு வரும். அது நுரையீரல் வழியா வெளிய போகும். மூச்ச அளந்தா உடையற வேகம் தெரிஞ்சிடும். அதுக்கு ஒரு மிஷின் இங்க டிரையலுக்கு வந்திருக்கு. ஊசி இல்ல, ஒன்னும் இல்ல."

"கார்பன் மோனாக்சைடுன்னா லோரி புகையில வர்றது?"

"அதேதான். கரி எரிஞ்சாலும் வரும். வீட்டுல யாராச்சும் சிகரெட்?"

"கிடையவே கிடையாது" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"வேற புகை? கொசுவத்தி, அந்த மாதிரி?"

பக்கத்தில் மனைவி. காலையில் சாமி பெயரைச் சொல்லியாகிவிட்டது. "கொசுவுக்கு நாங்க பேட் வச்சிருக்கோம் டாக்டர், டென்னிஸ் மாதிரி" என்று கையை வீசிக் காட்டினேன். மலாய் நர்ஸ் சிரித்தார். சிரிக்க வைத்துவிட்டால் கேள்வி ஓடிப்போகும். சின்ன வயதிலிருந்து எனக்குக் கைகொடுக்கிற தந்திரம்.

மிஷின் ஒரு சோற்றுத் தூக்கு அளவுதான் இருந்தது. முதலில் அது அறையின் காற்றைத் தானாக உறிஞ்சி அளந்துகொண்டது. வெளிக்காற்றில் இருப்பதைக் கழித்துவிட்டுத்தான் குழந்தையின் மூச்சைக் கணக்கிடும் என்றார்கள். பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போயிற்று. வெறும் லோரியின் எடையைக் கழிக்கிற ஜாதி, நம்ம ஆள். மெல்லிய குழாயின் நுனியை நர்ஸ் பையனின் மூக்கோரம் வைத்தார். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் திரையில் எண் வந்தது.

டாக்டரின் முகத்தில் இருந்த சோரி அங்கிள் போய்விட்டது. மறுபடியும் அளந்தார்கள். அதே எண். இருக்கவேண்டியதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

"இது உண்மைன்னா சிவப்பணு ரொம்ப வேகமா உடையுது. விளக்கு மட்டும் பத்தாது. கிள்ளான் பெரிய ஆஸ்பித்தலுக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன். தேவைப்பட்டா பேபியோட ரத்தத்தையே கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டு வேற ரத்தம் மாத்தற மாதிரி வரலாம்."

மனைவி பையனின் காலைப் பிடித்துக்கொண்டாள். நான் எழுந்து சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினேன். "என் ரத்தத்த எடுத்துக்குங்க டாக்டர். இருக்கிறது எல்லாம் எடுத்துக்குங்க."

"அங்கிள், உங்க குரூப்தான் இங்க பிரச்சனையே."

சுருட்டிய கையை இறக்கவும் தோன்றாமல் நடைபாதைக்கு வந்து உட்கார்ந்தேன். எதிரே சுவரில், கை கழுவுவது எப்படி என்று படம் போட்டிருந்தது. அதை நாலு தடவை படித்தேன். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் சட்டைக் கையை இறக்கிவிட்டாள். அவள் தோளிலிருந்து சாம்பிராணி வாசம் வந்தது. தம்பியைத் தூக்கி வைத்திருந்த தோள்.

அப்போதுதான் எனக்குள் ஒரு லோரி வந்து மேடைமேல் ஏறியது.

மிஷின் கழித்தது ஆஸ்பத்திரிக் காற்றை. என் வீட்டுப் புகையை யார் கழித்தது? அது காற்றில் இல்லை. அரைமணி நேரம் நான் விசிறி விசிறி ஏற்றியது பையனின் ரத்தத்துக்குள் அல்லவா இருக்கிறது? இருபது வருடமாகத் தண்ணீர் அடித்த லோரியை வாசலிலேயே மடக்கியவன், இன்று சொட்டச் சொட்ட ஏற்றிக்கொண்டு வந்து மேடைமேல் நிறுத்திவிட்டு, "கிடையவே கிடையாது" என்று நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறேன். லோரிக்காரர்கள்கூடக் கேட்டால் தலையைச் சொறிவார்கள். டென்னிஸ் ஆடிக் காட்டமாட்டார்கள்.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. இன்னும் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். மனைவிக்குத் தெரிந்தால் என்ற பயம் பாதி. மீதிப் பாதி வேறு. நான் சொல்வதைக் கேட்டு டாக்டர் பொறுத்துப் பார்க்கலாம் என்று முடிவெடுத்து, அதற்குள் சிவப்பணுக்கள் உண்மையாகவே உடைந்துகொண்டிருந்தால்? பேசாமல் இருந்தால் பையனுக்குத் தேவையில்லாத ரத்த மாற்றம். பேசினால் தேவையான வைத்தியம் தள்ளிப்போகும். இரண்டு பக்கமும் பையன்தான். கடைசியில், எடை போடுகிறவனிடம் லோரியில் என்ன இருக்கிறது என்று சொல்வதுதான் லோரிக்காரன் வேலை, கழிப்பது அவர் வேலை என்று எழுந்தேன்.

"டாக்டர், காலையில சாம்பிராணி காட்டினேன்."

"யாருக்கு?"

"புள்ளைக்கு."

மனைவி திரும்பிப் பார்த்தாள். நான் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் பாதுகாப்பான திசை அது ஒன்றுதான்.

"எத்தன மணிக்கு? கரி போட்டா? சன்னல் திறந்திருந்துச்சா?" ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். அந்தச் சின்னப் பெண் டாக்டர் குனிந்து பையனின் உச்சந்தலையை முகர்ந்தார். நிமிர்ந்தபோது உதட்டைக் கடித்து எதையோ அடக்கினார். கோபமா சிரிப்பா என்று அப்போது தெரியவில்லை.

"இப்பவாச்சும் சொன்னீங்களே. முதல்ல புகை எவ்ளோ உள்ள போயிருக்குன்னு ரத்தத்துல பாக்கணும். அதுவே பேபிக்கு ஆபத்துதான், தெரியுமா? விளக்கு இப்பவே ஆரம்பிக்கலாம், அதுல மாத்தமில்ல. கிள்ளானுக்கும் சொல்லி வைக்கிறேன். நாலு மணி நேரம் கழிச்சு சிவப்பணுவையும் மூச்சையும் மறுபடி பாப்போம். புகைதான்னா மூச்சுல இறங்கும். உடையறதுன்னா இறங்காது."

ரத்தத்தில் புகை இருந்தது; பயப்படும் அளவுக்கு இல்லை, அவமானப்படும் அளவுக்கு இருந்தது.

நாலு மணி நேரம். பையன் கண்ணைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் துண்டு டயப்பரோடு, பந்தாய் ரெமிஸ் கடற்கரைக்கு வந்த வெள்ளைக்காரன்போல நீல விளக்கில் மல்லாந்து கிடந்தான். மனைவி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சாமிக்குக் காட்டினீங்க?"

"சின்ன சாமிக்கு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. எனக்குக் கைகொடுக்கும் தந்திரம் முதல் தடவையாகக் கையை விரித்தது. எனக்குத் தொண்டையில் எதுவும் இறங்காது என்று சொல்லிக்கொண்டே கேன்டீனுக்குப் போய் மூன்று பொட்டலம் நாசி லெமாக் சோறு தின்றேன். பயத்தில் எனக்கு வாய் மட்டும் தனியாக இயங்கும்.

மதியம் இரண்டு மணி தாண்டி மிஷின் மறுபடி வந்தது. அது அறைக்காற்றை உறிஞ்சியபோதே நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். காலையில் அந்தப் புகையில் நானும்தானே உட்கார்ந்திருந்தேன். என் மூச்சு கலந்து கணக்குக் கெட்டால்? நர்ஸ் குழாயைப் பையனின் மூக்கோரம் வைத்தார். அவன் நெஞ்சு ஏறி இறங்கியது. என் நெஞ்சு ஏறியதோடு நின்றது. காது அடைத்தது. திரை ஓரம் கறுத்துக்கொண்டு வந்தது.

"பாக் சிக்," என்று மாமா முறை வைத்து நர்ஸ் என் தோளைத் தட்டினார். "பாக் சிக் மூச்சு விடலாம். அளக்கிறது பேபியை மட்டும்தான்." மலாயில்தான் சொன்னார், ஆனால் அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. விட்ட மூச்சில் திரைச்சீலை ஆடியது.

எண் கிட்டத்தட்டப் பாதியாக இறங்கியிருந்தது. ரத்தமும் வந்தது: சிவப்பணுக்கள் காலையில் இருந்த அதே அளவு, ஒன்றும் குறையவில்லை. டாக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "வேகமா உடையல. மஞ்சளுக்கு விளக்கே போதும். ரெண்டு நாள் இங்க இருக்கட்டும், தினமும் பாக்கலாம். கிள்ளான் வேணாம்."

பிறகு என்னைப் பார்த்தார். "அங்கிள், இனிமே வீட்டுல புகை..."

"சாமிக்குக்கூடக் கிடையாது டாக்டர்."

அப்போதுதான் மனைவி வாயைத் திறந்தாள். "வேற ஏதாச்சும் ஏத்திக்கிட்டு வந்திருந்தா இப்பவே சொல்லிடுங்க. மண்ணு, கல்லு, ஏதாச்சும்?" அடக்கியது தாங்காமல் டாக்டர் சிரித்துவிட்டார். காலையில் அவர் உதட்டைக் கடித்து அடக்கியது கோபம் இல்லை.

மூன்றாம் நாள் பையன் வீட்டுக்கு வந்தான். சபாக்கிலிருந்து அக்கா போனில் கேட்டார்: "சாம்பிராணி காட்டினியாடா?" நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். "அப்ப புள்ளைக்குத் தலை எப்படிடா காயும்?" என்றார் கடைசியில்.

"துண்டுல துவட்டினா காயும்க்கா."

"நல்லா துவட்டு" என்றார். பெரிய விட்டுக்கொடுப்பு அது. தூபக்காலில் மகள் மண் நிரப்பி மிளகாய் விதை போட்டுவிட்டாள். பெயிண்ட் அட்டையைக் கிழித்து, அதில் ஒரு மஞ்சள் துண்டில் 'தம்பி' என்று எழுதி நட்டுவைத்திருக்கிறாள்.

விடுப்பு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள் காலை, சுள்ளென்று வெயில். ஒரு லோரி பின்பக்கம் தண்ணீர் ஒழுக ஒழுக வாசலில் திரும்பியது.

"மழை லா அண்ணே" என்றான் ஓட்டுநர், வானத்தைப் பார்க்காமல்.

இறங்கிப் போய் லோரியை ஒரு சுற்று சுற்றி வந்தேன். வழக்கமாக இந்த இடத்தில் குடும்பத்தை இழுத்துத் திட்டுவேன். அன்று வாய் வரவில்லை.

"அந்த மரத்தடியில நிறுத்து. நாலு மணி நேரம் வடியட்டும், மறுபடி ஏத்திப் பாக்கலாம்."

"நாலு மணி நேரமா? போன மாசம் ஒரு மணி நேரம்தானே அண்ணே!"

"நாலு. போய்ச் சாப்பிடு. கேன்டீன்ல நாசி லெமாக் நல்லாருக்கும், மூனு பொட்டலம் வாங்கிக்க."